சவுரிராயனுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கங்கள்

சவுரிராயன் பெயரில் நான் இங்கிலீஷில் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு சின்னப் புத்தகம் ஆகும். எல்லாமே விளக்கம். "என் பேரில் தவறில்லை என்று மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். அந்தப் பணிவு என்னுடையது. அவனுக்கும் பணிவுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. அவன் மின்சாரக் கம்பெனி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்துவான். ரைட்டரான நான் உள்ளே உட்கார்ந்து அந்தக் கத்தலைப் பணிவாக்கி எழுதுவேன். எழுதி முடித்ததும் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டான். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போடுவதற்கு அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் இரண்டு வெற்றிலை போட்டுவிடலாம்.

இன்றைக்கு அவனுக்குக் கீழே எட்டுப் பேர் கம்பம் ஏறுகிறார்கள். திண்டிவனத்தில் விளக்கு அணைந்தால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் "சவுரி எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த வேலை அவனுக்கு நிலைத்ததே பெரும்பாடு. அந்தப் பாட்டில் என் பங்கும் உண்டு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மின்சார லைன் இழுத்த வருஷம் குழி தோண்ட வந்த கூலிகளில் அவன் ஒருவன். முகையூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவன். சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. ஆறடிக் குழிகளாகத் தோண்டிக்கொண்டே ரோட்டோரமாக வந்தான். திண்டிவனத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது குறுக்கே ஒரு ஆலமரம் வந்தது. வேலை அங்கே நின்றது.

அது சாதாரண மரம் இல்லை. மாடு கன்று போட்டதும் பின்னால் விழும் நஞ்சுக்கொடியை எங்கள் பக்கம் இளங்கொடி என்போம். அதை வைக்கோலில் சுற்றி, பழந்துணியிலோ சாக்கிலோ கட்டி, பால் வடிகிற ஆலமரத்தில் நாய் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் மாடு நன்றாகக் கறக்கும் என்பது நம்பிக்கை. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் அத்தனை மாட்டுக்கும் அந்த ஒரே மரம்தான். கிளைக்குக் கிளை மூட்டை. நாற்றம் பொறுக்கவில்லை என்று மெட்ராஸிலிருந்து வந்த வயர்மேன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். உள்ளூர்க் கூலிகள், அதில் கத்தியை வைத்தால் மாடு வற்றிப்போகும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். மரத்தை வெட்ட உத்தரவு கையில் இருக்கிறது, வெட்ட ஆள் இல்லை.

சூப்பர்வைசர் தாண்டவராயன் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். அப்போது இவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

"எங்க வூட்ல மாடும் இல்ல, பாலும் இல்ல. எனக்கு இன்னாங்க போவப்போவுது? அரிவாளக் குடுங்க."

இரண்டு நாளில் மரத்தைச் சாய்த்துவிட்டான். உச்சியில் அவன் நின்ற நிலையைப் பார்த்த தாண்டவராயன், குழிக் கூலியிலிருந்து அவனைப் பிரித்து இடுப்பு பெல்ட்டும் தோல் கையுறையும் கொடுத்து லைன் வேலையில் போட்டார். ஆறு மாதம் சோதனை. திண்டிவனத்திலிருந்து ஒன்பது மைல் தூரம் அவன் பொறுப்பு. பிரேக் இல்லாத ஒரு சைக்கிள். அப்படித்தான் அவன் உத்தியோகம் ஆரம்பமானது.

மரம் போய்விட்டது. ஆனால் மாடுகள் கன்று போடுவதை நிறுத்தவில்லையே! இந்தச் சின்ன விஷயம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கம்பத்தில் யாரும் ஏறக்கூடாது என்று ஒன்றரை ஆள் உயரத்தில் கம்பெனி முள்கம்பி சுற்றியிருந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். மரம் நின்ற இடத்திலேயே கம்பம் நிற்கிறது. நாய் எட்டாது. துரட்டியால் தூக்கி மாட்டினால் முள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கம்பெனியே தங்களுக்காகச் செய்துகொடுத்த ஏற்பாடு என்று நினைத்தார்களோ என்னவோ, மூட்டைகள் கம்பத்துக்குக் குடிவந்துவிட்டன.

மூட்டை வந்தால் காக்காய் வரும். காக்காய் மூட்டையைக் கொத்தி, கிழித்த துண்டைத் தூக்கிக்கொண்டு மேலே குறுக்குச் சட்டத்தில் போய் உட்காரும். ஈரத் துண்டு சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவில் பட்டால் போதும். ஒரு வெடி, கருகிய காக்காய், விழுப்புரத்தில் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். திண்டிவனம் மொத்தமும் நிற்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் முதலாளி அரை மணியில் ஆபீஸ் வாசலில் நிற்பார்.

முதல் தடவை நின்றபோது சவுரி ஒன்பது மைலும் அண்ணாந்து பார்த்தபடியே சைக்கிள் மிதித்து, இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்து, காக்காயைக் கண்டுபிடித்தான். இறக்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டான்.

தாண்டவராயன் சோதனை உத்தரவை எடுத்து வாசித்தார். ஆறு மாதத்துக்குள் லைன் நின்றால், ஒவ்வொரு தடவையும் காரணம் யார் என்று பெயரோடு சொல்ல வேண்டும். மூன்று தடவையும் சொல்ல முடியாமல் போனால் சவுரி பழையபடி குழி வெட்டப் போக வேண்டியதுதான். அப்படித்தான் கம்பெனி எழுதியிருந்தது.

"காரணம் காக்காய் என்கிறாய். காக்காய்க்கு என்ன பெயர்?" என்றார்.

"இன்னா பேஜாருங்க இது! காக்காய்க்குப் பேர வச்சிட்டா நான் கம்பம் ஏறினேன்?"

இதை நான், 'பறவையின் பெயரை அறிய இயலவில்லை என்பதைப் பணிவுடன்' என்று எழுதினேன்.

இரண்டாவது தடவை பருந்து. அதற்கும் பெயர் இல்லை. இந்த முறை சவுரி பருந்தோடு விடவில்லை. லைன் போகிற ஊர்களில் எல்லாம் இறங்கி, மூட்டை கட்டியது யார் என்று விசாரித்தான். விசாரித்தான் என்பது என் வார்த்தை. சண்டை போட்டான் என்பதுதான் உண்மை. ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரைட்டரய்யா, எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் சொல்றாங்க. மரத்த வெட்டிட்டீங்களே, அப்ப எங்க கட்றதுன்னு கேக்குறாங்க. கேக்குறது ஞாயந்தான? அதையும் எழுதுங்க."

நான் எழுதவில்லை. வாசித்துக் காட்டியபோது, "நான் சொன்னது அதுல வர்லியே" என்றான்.

"இளங்கொடி எங்கே கட்டுவது என்பதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம் இல்லைப்பா" என்றேன். அறியாத ஜனங்கள் ஆயிரம் கேட்பார்கள், அதையெல்லாம் இங்கிலீஷில் எழுத முடியுமா என்று எனக்கு எரிச்சல். அவன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. முகையூரில் அந்தோணிசாமி என்பவருடைய மகள் இருதயசெல்வியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். "குழி தோண்டறவனுக்கு எம்பொண்ணு இல்ல, கம்பெனி தொப்பி வரட்டும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார் அந்தோணிசாமி. சோதனைக் காலம் முடிகிறது, தொப்பி வந்தாற்போலத்தான் என்று நம்பி, கோயிலில் கல்யாண அறிவிப்பை வாசிக்கச் சம்மதித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். அதற்கப்புறம் தவக்காலம் வந்துவிடும். நாற்பது நாளைக்குக் கல்யாணம் கிடையாது. அந்தோணிசாமி நாற்பது நாள் காத்திருக்கிற ஆளும் இல்லை. இதையெல்லாம் சவுரி எனக்குத் தினமும் ஜன்னல் வழியாகச் சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கே அந்தக் கல்யாணத்தின் மேல் ஒரு கவலை வந்துவிட்டது.

இரண்டாவது தடவைக்கு அப்புறம் தாண்டவராயன் தண்டோரா போட உத்தரவு போட்டார். கம்பத்தில் எதையும் கட்டக்கூடாது, கட்டினால் போலீஸ். வாசகம் எழுதியது நான். எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு என்று பட்டியல் போட்டதும் நான். பதினாலு கிராமம், திண்டிவனத்தில் லைன் போகிற தெருக்கள் முழுவதும். பட்டியலின் கடைசியில் எங்கள் தெருவும் இருந்தது. அதை நானே ஒரு கோடு இழுத்து அடித்தேன். எங்கள் தெருவில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் இருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்குத் தமுக்கு எதற்கு?

இரண்டு ஞாயிறு அறிவிப்பு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறுக்கு நாலு நாள் இருந்தது. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு லைன் நின்றது.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். மெஷின் முதலாளி வந்தார், கத்தினார், போனார். தாண்டவராயன் சோதனை உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தரை மணிக்கெல்லாம் சவுரி வந்துவிட்டான். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் ஒரு மூட்டை. முகத்தில் சிரிப்பு. ஆறு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆளு ஆப்ட்டான் ரைட்டரய்யா! தூரம்கூடப் போவல. இதோ, ஊர் எல்லைல, நூத்தி அறுவத்தி மூணாம் கம்பம். துணியப் பாருங்க. வேட்டி. மூலைல சலவைக் குறி இருக்குது!"

எங்கள் ஊரில் துணி வெளுக்கிறவள் பொன்னி. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் மூலையில் சேங்கொட்டை மையால் ஒரு குறி போடுவாள். வீட்டுக்கு வீடு வேறு. குறியைக் காட்டினால் அவள் பெயரைச் சொல்லிவிடுவாள்.

"பதினாலு ஊர்ல தமுக்கு அடிச்சோம். காட்டுல மாடு மேய்க்கிறவன்கூட இப்ப கட்றதில்ல. இவன் டவுன்ல குந்திக்கினு கட்டியிருக்கான் பாருங்க. காதுல இன்னா அடைச்சிக்கினு இருந்தான்? ஒருத்தன் பொழப்புல மண்ணப் போடறமேன்னு இருக்குதா? இவன் வூட்ல ஒரு மனுசன்கூடவா இல்ல?"

அவன் மூட்டையை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு பார்த்தேன். மூலையில் இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு புள்ளி.

நான் கட்டியிருந்த வேட்டியின் மூலையிலும் அதே குறி இருந்தது.

"பொன்னி ஏரிக்கரைல துவைச்சிக்கினு இருப்பா. ஜல்தியாப் போய்க் கேட்டுக்கினு வர்றேன்" என்று அவன் சைக்கிளைத் திருப்பினான்.

"வேண்டாம், இரு" என்றேன். "முதலில் லைனைச் சரிபார்த்து விழுப்புரத்துக்குச் சொல். கரண்ட் வரட்டும். பெயரை நான் விசாரித்து எழுதுகிறேன்."

அவன் நம்பினான். மூட்டையை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் போனான்.

நான் குடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தேன். நூற்று அறுபத்து மூன்றாம் கம்பம் என் வீட்டுக் கொல்லைக்கு நூறு அடியில் நிற்கிறது. தினமும் அதைக் கடந்துதான் ஆபீஸ் போகிறேன். ஒரு நாளும் அண்ணாந்து பார்த்தது கிடையாது. அண்ணாந்து பார்ப்பது சவுரியின் வேலை. எங்கள் மாடு கன்று போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. மனைவி சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சித் தந்தாள், இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். இளங்கொடி எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

என் மனைவி செண்பகம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பத்தில் இளங்கொடியை யார் கட்டினது?"

"பூமாலைதான்" என்றாள். பூமாலை எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்கிறவள். "எங்கம்மா கட்றதுன்னு கேட்டா. எல்லாரும் எங்க கட்றாங்களோ அங்கயே கட்டுன்னேன். ஏன்?"

"ஏனா? ஊரெல்லாம் தண்டோரா போட்டார்களே, காதில் விழவில்லை?"

"நம்ம தெருவுல எங்க போட்டாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் அந்த ஆபீஸில்தானே வேலை செய்கிறேன்! இது தெரிய வேண்டாமா?"

"நீங்க என்கிட்ட எப்ப சொன்னீங்க?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துக் கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். காக்காய் கதையைத் தாலுகா ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், வெற்றிலைக் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வீட்டில் சொன்னதில்லை. ஆபீஸ் விஷயத்தைப் பொம்பளைகளிடம் பேசுவானேன் என்று ஒரு மிதப்பு.

ஆபீஸுக்குத் திரும்பும்போது நான் நல்ல யோசனையோடு திரும்பினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வேப்பமரத்தடியில் மூட்டை கிடக்கிறது. அந்த மூலையைக் கிழித்து அடுப்பில் போட ஒரு நிமிஷம் ஆகாது. 'பெயர் அறிய இயலவில்லை' என்ற வரி ஏற்கனவே இரண்டு கடிதத்தில் இருக்கிறது. மூன்றாவதாக எழுதக் கை தானே போகும். எனக்குக் குடும்பம் இருக்கிறது, கம்பெனியில் ஹெட் கிளார்க் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. அவனுக்கு என்ன, ஏற்கனவே குழி தோண்டினவன்தானே? இப்படியெல்லாம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

காகிதத்தை எடுத்து, 'மிகுந்த பணிவுடன்' வரைக்கும் எழுதினேன். அதற்குள் ஜன்னலில் அவன் வந்து நின்றான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"லைன் வந்திடுச்சி. பேரு கெடைச்சுதா?"

எழுதி முடித்தால் வாசித்துக் காட்ட வேண்டும். 'பெயர் தெரியவில்லை' என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வாசிக்க முடியுமா என்று ஒரு தடவை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். முடியவில்லை. மற்றதை எழுதினேன். வாசித்தேன்.

"மேற்படி வேட்டி, இந்த ஆபீஸ் ரைட்டர் சீனுவாசனுடையது. கட்டியது அவர் வீட்டு ஆள். தண்டோராப் பட்டியலிலிருந்து தன் தெருவை அடித்தவரும் அவரே."

அவன் வேப்பமரத்தடியில் கிடந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"தப்பா எழுதிட்டீங்க போல" என்றான்.

"இல்லை."

"அய்யா... காலைல நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"சரியாகத்தான் பேசினாய்."

"அப்ப இருக்கட்டும்" என்றான் சவுரிராயன். வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை அவன். ஜன்னல் வழியாகப் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டான். அன்றைக்கு இன்னும் நேரம் எடுத்தது. நான் அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

தாண்டவராயன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா சீனுவாசன், மாடு எவ்வளவு கறக்கிறது?"

"இரண்டு படி."

"போன ஈற்றுக்கு?"

"ஒன்றரை."

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இந்தப் பால் கணக்கை வெளியே எங்கேயும் சொல்லித் தொலைக்காதே" என்றார். அப்புறம் மூன்று உத்தரவு எழுதினார். என் பெயர் ஹெட் கிளார்க் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சவுரிராயன் வேலை உறுதி செய்யப்பட்டது. விட்டுப்போன தெருவில் தண்டோரா போட வேண்டும், வாசகத்தை ரைட்டரே நேரில் நின்று வாசிக்க வேண்டும்.

வேலை உறுதியானவன் ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அது கனமான புத்தகம். ஜன்னல் கம்பி வழியாக நுழையாது. அதனால்தான் ஆறு மாதத்தில் முதல்தடவையாக அவனை உள்ளே கூப்பிட்டேன். எத்தனை விளக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே வா என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை முகையூர்க் கோயிலில் மூன்றாவது அறிவிப்பு வாசித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் தண்டோரா என்று முடிவாகியிருந்தது. அறிவிப்புக்கு முந்தின நாள். தமுக்குக்காரர் தொம்மை முன்னால், புதுத் தொப்பியோடு சவுரி பக்கத்தில், நான் காகிதத்தோடு பின்னால். சரியாக என் வீட்டு வாசலில் சவுரி கையைத் தூக்கினான். தொம்மை நின்று, மற்ற இடங்களைவிட இரண்டு பங்கு நேரம் அடித்தார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் வாசலுக்கு வந்தார்கள். நான் வாசித்தேன். கம்பத்தில் எதையும் கட்டக்கூடாது. கட்டினால் போலீஸ்.

வாசலில் செண்பகம் நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் பூமாலை. நான் காகிதத்தை மடிக்கும்போது செண்பகம் கேட்டாள்.

"அதெல்லாம் சரி. கம்பத்துல கட்டக்கூடாது. மரத்தையும் வெட்டிட்டீங்க. அப்ப எங்க கட்றது?"

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் சவுரியைப் பார்த்தேன்.

"பதினாலு ஊர்லயும் இதத்தான் கேட்டாங்க ரைட்டரய்யா" என்றான் அவன். "எழுதுங்கன்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சலித்துப்போய்ச் சொன்னான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அங்கேயே, மாட்டுக் கொட்டகைச் சுவரில் காகிதத்தைத் திருப்பி வைத்து, பென்சிலால் எழுதினேன். இங்கிலீஷில் எழுதவில்லை. 'மரத்தை வெட்டியது நாம். ஜனங்கள் கேட்கிறார்கள். லைனுக்கு எட்டாத இடத்தில் ஆலங்கிளைகளை நட்டு, அவை வளரும்வரைக்கும் லைன் கம்பி இல்லாத ஒரு கம்பம் நட்டுக் கொடுக்க வேண்டும்.' வழக்கம்போல அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இப்பதான் சரியா இருக்குது" என்று சொல்லி, கையெழுத்துப் போடப் பென்சிலுக்குக் கையை நீட்டினான்.

"இரு, இது என் விளக்கம்" என்று சொல்லி, அடியில் என் பெயரை நானே எழுதினேன்.